ஒத்திப் பணத்துக்கு யார் பொறுப்பு?

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், பதிவுத்துறை, மின்வாரியம், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகியவற்றின் மதுரை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

மதுரையில் ஏழைக்கு ஏற்ற வாடகை வீடு கிடைப்பதில்லை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. செல்லூரிலும் ஜெய்ஹிந்த்புரத்திலும் முனிச்சாலைச் சந்துகளிலும் கூலிக்குள் அடங்குகிற வாடகையில் வீடு இருக்கத்தான் செய்கிறது. பத்துக்குப் பத்தில் ஒரு அறை, ஆள் திரும்ப முடியாத அடுப்படி, வாசலில் பொதுக் குழாய், ஆறு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். காம்பவுண்டு வீடு என்றோ லைன் வீடு என்றோ சொல்லிக்கொள்கிறோம். அந்த வீட்டுக்குள் நுழைவதற்கு ஒரே தடவையில் எண்ணி வைக்க வேண்டிய தொகைதான் ஆளைத் திருப்பி அனுப்புகிறது. வாடகையைச் சம்பாதித்துக் கட்டலாம். அட்வான்ஸையும், வாடகைக்குப் பதிலாக மொத்தமாகக் கொடுத்து வைக்கும் ஒத்தியையும் கடன் வாங்கித்தான் கட்ட முடியும். அப்படிக் கட்டிய பணம் எங்கே இருக்கிறது, எப்போது திரும்பும் என்பதற்கு இந்த ஊரில் எந்த அலுவலகத்திலும் ஒரு வரி கிடையாது. இந்த மடல் பெரும்பாலும் அந்தப் பணத்தைப் பற்றியது.

எழுதுகிற நாங்கள் வாடகைக்கும் ஒத்திக்கும் குடியிருப்பவர்கள், வீடு பார்த்துக் கொடுப்பவர்கள், பத்திரம் எழுதிக் கொடுப்பவர்கள். எங்களில் யாருக்கும் வீட்டுக்காரர்கள் மேல் பகை இல்லை. காம்பவுண்டு வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் முன்கட்டில் அதே கக்கூஸை நம்பிக் குடியிருப்பவர்கள்தான்.

அட்வான்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தோடு போயிற்று. புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை வெளியேற்றக் கூடாது. வாசித்தால் நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று மாத வரம்பு, வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில்தான் செல்லும் என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. வீடு தேடி ஒரு வாரம் வெயிலில் அலைந்தவர் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பதும் கொடுப்பதும் இங்கே சாதாரணம். அதற்கு மேல் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று இன்னொரு மாதம் பிடித்துக்கொள்வார்கள். நான்கு வருடம் குடியிருந்தாலும் நான்கே மாதம் இருந்தாலும் அந்தப் பிடித்தம் மாறாது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாக இந்தச் சட்டம் வைத்திருக்கிறது. எழுத மறுத்தவர் வீட்டுக்காரராக இருப்பார், வெளியேறப் போவது குடியிருப்பவர். எழுதிக் கொடுத்தால் வீட்டுவரி ஏறும், வருமான வரி வரும், ஆள் கிளம்பவே மாட்டார் என்று மூன்று பயம் வீட்டுக்காரருக்கு. இவற்றைத் தீர்த்து வைக்க வாடகை அதிகாரி அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுத்தாள்கூட எந்த வார்டுக்கும் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

இனி ஒத்தி. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் அதிகாரிகளுக்காக விளக்குகிறோம். மதுரைக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஒரு தொகையை, மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம், வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் அந்த வீட்டில் இருப்பது. பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை. கெடு முடிந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரருக்கு மகள் கல்யாணமோ மாடி எடுக்கும் செலவோ வட்டிக்காரன் தொல்லையோ இருக்கும், மொத்தப் பணம் தேவை. குடிவருபவருக்கு மாதாமாதம் வாடகை என்ற பிடுங்கல் இல்லை. தினக்கூலிக்காரர், பூக்கட்டும் பெண்கள், ஆட்டோ ஓட்டுபவர் என்று வருமானம் ஏறி இறங்கும் குடும்பங்களுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

வாடகையில்லை என்பது பேச்சுக்குத்தான். அந்த மூன்று லட்சம் பீரோவில் இருந்து வருவதில்லை. நகையை அடகு வைத்து வருகிறது. வருடத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்று போட்டால் மாதம் 3,000 ரூபாய். இருபத்து நான்கு என்றால் 6,000. அதற்குப் பெயர் வாடகைதான். வீட்டுக்காரருக்குப் போகாமல் அடகுக்கடைக்குப் போகிறது, அவ்வளவே. ஒத்தி கேட்டு வருபவர்களிடம் நாங்கள் முதலில் போட்டுக் காட்டுகிற கணக்கு இது. கையில் சேமிப்பாக இருக்கும் பணத்துக்கு ஒத்தி லாபம். கடன் வாங்கிய பணத்துக்கு, வட்டி வாடகையில் பாதிக்குள் நின்றால் மட்டும் யோசிக்கலாம், ஏனென்றால் கொடுத்த பணமே மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்கும் ஒரு விலை உண்டு.

அந்த ஆபத்து எப்படி வருகிறது என்பதற்கு ஒரு ஒத்திப் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். இருபது ரூபாய்க்கோ நூறு ரூபாய்க்கோ வாங்கிய பத்திரத்தாள் ஒன்று, அதன் பின்னால் பச்சைத் தாள் ஒன்று. மேலே தேதி. இன்னார் மகன் இன்னார், இன்ன கதவு எண். ‘இன்றைய தேதியில் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி. கீழே ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்கே கையெழுத்து, இரண்டு சாட்சி, கடைசியில் ஊதா மையில் நோட்டரி முத்திரை. அந்த முத்திரையைப் பார்த்ததும் ‘ரிஜிஸ்டர் ஆயிருச்சு’ என்று மடித்து டப்பாவில் வைத்துவிடுகிறார்கள். நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. ஒத்தியைப் போல வீட்டைச் சுவாதீனத்தோடு, அதாவது கைவசம் ஒப்படைத்துக் கொடுக்கும் அடமானம் நூறு ரூபாயோ அதற்கு மேலோ என்றாலே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. பதிவாகாத அந்தத் தாள், பணம் கைமாறியதைக் காட்ட ஒரு துணைச் சான்று, அதற்கு மேல் இல்லை. அதையும் நீதிமன்றம் கையில் எடுக்க, குறைந்த முத்திரைத் தீர்வையோடு அதன் பத்து மடங்கு வரை அபராதமும் கட்ட வேண்டி வரும்.

முறையாகப் பதிந்தால் கிடைப்பது என்ன? பணம் திரும்பும் வரை வீட்டிலேயே இருக்கும் உரிமை. ஒத்திக்காரருக்கு வேண்டிய ஒரே பாதுகாப்பு அதுதான். அப்படியிருந்தும் ஏன் பதிவதில்லை? சோம்பலாலோ அறியாமையாலோ இல்லை, கட்டணம். சுவாதீன அடமானத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 4, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1. மூன்று லட்சத்துக்கு 12,000-மும் 3,000-மும் சேர்த்து 15,000 ரூபாய். எழுத்துக்கூலி தனி. மூன்று வருடத்தில் காலி செய்து அடுத்த வீட்டுக்குப் போனால் மறுபடி 15,000. அதே வீட்டுக்காரர் அதே வீட்டின் மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து மூன்று லட்சம் கடன் வாங்கினால், அந்த ஒப்படைப்பு ஆவணத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு அரை, அதாவது 1,500. வங்கி தன் பணத்துக்குக் காப்பு தேட 1,500 போதும். பூக்காரம்மா தன் பணத்துக்குக் காப்பு தேட 12,000 வேண்டும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி பதிவுத்துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

பதியாமல் விடுவதால் நடப்பது இதுதான். வீட்டுக்காரர் ஒத்தி வாங்கிய மறு வருடம் வங்கிக் கடனுக்குப் போகிறார். வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவானவற்றின் பட்டியல், போட்டுப் பார்த்தால் ஒத்தி தெரியாது. வங்கியின் ஆள் வீட்டைப் பார்க்க வரும்போது, ‘யாராச்சும் கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க’ என்று குடியிருப்பவரிடமே சொல்லி வைப்பார்கள். அவரும் சங்கடப்பட்டுச் சொல்லிவிடுவார். கடன் நிலுவையானால், ஈடு வைத்த சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி அறுபது நாள் அறிவிப்பு, பிறகு கதவில் ஒட்டிய சுவாதீன அறிவிப்பு, பிறகு ஏலம். கதவில் தாள் ஒட்டும் அன்றுதான் ஒத்திக்காரருக்கு விஷயமே தெரிகிறது. காவல் நிலையத்துக்குப் போனால் ‘இது சிவில் மேட்டர்’ என்ற பதில். சிவில் வழக்கு என்றால் பணம் திரும்ப வேண்டிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அதைச் சொல்வதற்கும் ஆள் இருப்பதில்லை.

ஆட்சியர் அவர்களே, இங்கே உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, வீட்டைச் சுவாதீனம் எடுத்துத் தரச் சொல்லி வங்கிகள் தலைமைக் குற்றவியல் நடுவரிடம் போகலாம், அல்லது மாவட்ட நடுவர் என்ற முறையில் உங்களிடம் வரலாம். உங்களிடம் வருகிற மனுக்களில், உள்ளே குடியிருப்பது யார், எந்த அடிப்படையில் என்று கிராம நிர்வாக அலுவலரை வைத்து ஒரு பக்க அறிக்கை வாங்குங்கள். குடியிருப்பவருக்கு ஒரு முன்னறிவிப்பு கொடுங்கள். வங்கியின் உரிமையைத் தடுக்கச் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளைகளின் புத்தகத்தைத் தெருவில் அடுக்காமல் இருக்க இரண்டு மாத அவகாசம் கேட்கிறோம்.

வங்கி இல்லாமலும் பணம் மாட்டும். வீட்டுக்காரர் வாங்கிய மூன்று லட்சம் கல்யாணப் பந்தியில் முடிந்திருக்கும். அடுத்த ஒத்திக்காரர் வந்து கொடுத்தால்தான் இவருக்குத் திருப்ப முடியும். ‘நீங்க காலி பண்ணிச் சாவியைக் கொடுங்க, புது ஆள் கொடுத்ததும் தந்துர்றேன்’ என்பார். சாவியைக் கொடுத்த நிமிடத்தில் கையில் இருந்த ஒரே பிடி போய்விடும். எங்களிடம் வருகிற பிரச்சினைகளில் அதிகம் இதுதான். இதற்கு ஒரு சின்னச் சூத்திரம் வைத்திருக்கிறோம்: ஒத்திக் கெடு எந்த மாதத்தில் முடிகிறது என்று பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். கெடு அந்த மாதங்களில் விழுந்தால் புது ஆள் வரமாட்டார், பணம் இழுக்கும். பத்திரத்தில் தை, வைகாசி என்று கெடுவை வைத்தால் வீட்டுக்காரருக்கு ஆள் கிடைக்கும், வைகாசி என்றால் பள்ளிக்கூடம் மாற்றுவதற்கும் வசதி. ஆனிக் கடைசியில் வைத்தால் இரண்டு வாரத் தாமதம் ஆடி முழுக்க நீண்டு ஆவணியில் போய் நிற்கும். இதையே திருப்பிப் போட்டால், சாமி குறுக்கே நிற்காதவர்கள் ஆடியில் வீடு தேடினால் அட்வான்ஸில் பேரம் படியும்.

ஒத்திக்குப் போகிறவர் பார்க்க வேண்டியதை அரசாங்கம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் நல்லது. கொடுக்கும் வரை நாங்கள் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூலப்பத்திரத்தை அசலாகக் கேட்க வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் வேறு எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பத்திரத்தில் உள்ள பெயரும் வீட்டுவரி ரசீதில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அப்பா பெயரில் இருந்து அப்பா இல்லை என்றால் வாரிசுச் சான்று, அதில் உள்ள எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். மூத்த மகன் ஒத்திக்கு விட்டு, கட்டிக்கொடுத்த தங்கை பங்கு கேட்டு வருவது நடக்கிற கதை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். முப்பது வருடத்துக்குப் போட்டு, உரிமை ஆவண ஒப்படைப்பு, அதாவது மூலப்பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிய பதிவு, என்று ஏதாவது வரி இருக்கிறதா, இருந்தால் அதற்கு ரத்து ஆவணம் கீழே வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். தனியார் பைனான்ஸில் சும்மா கொடுத்து வைத்த பத்திரம் வில்லங்கத்தில் வராது. அதனால்தான் அசலைக் கேட்கச் சொல்கிறோம். பவர் ஏஜென்ட் என்றால் ஒத்திக்கு விடவும் பணம் வாங்கவும் பவரில் எழுதியிருக்கிறதா என்று வாசிக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. இருந்தும் மதுரையில் ஒத்தி என்றால் மஞ்சப்பையில் கட்டாகத்தான் வருகிறது.

மின்வாரியத்துக்கு ஒரு கணக்கு. ஒரு காம்பவுண்டில் ஆறு வீடு, ஒரே மின் இணைப்பு. இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பம் 100 யூனிட் ஓட்டுகிறது. தனித்தனி இணைப்பு இருந்தால் ஆறு குடும்பத்துக்கும் பில் பூச்சியம், ஏனென்றால் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் சேர்ந்தால் 600 யூனிட். இலவசம் ஒரு தடவைதான் கழியும், 500-ஐத் தாண்டியதால் மேல்படிக் கட்டணமும் விழும். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வாங்கினால் ஒவ்வொரு குடும்பமும் 800 கட்டுகிறது. எல்லா வீட்டுக்கும் என்று கொடுத்த சலுகை, காம்பவுண்டின் கேட்டிலேயே நின்றுவிடுகிறது. தனி அடுப்படி, தனி வாசல் உள்ள லைன் வீடுகளுக்குத் தனி மீட்டர் போட வார்டு வாரியாக முகாம் நடத்துங்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்பதற்குக் காரணம் பெரும்பாலும் மேல்வருமானம் கிடையாது. ஆறு இணைப்புக்கு டெபாசிட்டும் வயரிங் செலவும் யார் போடுவது என்பதுதான். அதைத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீரைப் பற்றி நீட்டவில்லை. வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து பார்ப்பதைவிட, பக்கத்து வாசலில் எத்தனை பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த ஆனையூர், விளாங்குடி, அவனியாபுரம் பக்கம் வாடகை இறங்கும். பாதாளச் சாக்கடை போகாத தெருவாக இருந்தால் செப்டிக் டேங்க் லாரிக்குப் பங்கு கேட்பார்கள். குடிவரும் முன்பே அதைப் பேசிவிட வேண்டும்.

வாரிய வீடுகளுக்கு வருவோம். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய வாரியம், மதுரையில் மேலவாசலிலும் கட்டியிருக்கிறது, ஒத்தக்கடைக்கு அப்பால் ராஜாக்கூரிலும் கட்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் நேரில் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மேலவாசலில் இடிந்தாலும் ஒழுகினாலும் ஆள் நகரமாட்டார்கள், ஏனென்றால் பெரியார் பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் மாசி வீதிகளும் நடைதூரம். ராஜாக்கூரில் சுவர் புதிது, வேலை தூரம். கீழமாசி வீதி மளிகைக் கடையில் மூட்டை இறக்குபவர் இரவு பத்து மணிக்குக் கடை அடைத்தபின் எந்தப் பஸ்ஸில் போவார்? மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு விடியலுக்கு முன் வர வேண்டிய அம்மாவுக்கு, 2021 முதல் டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பது உண்மை. அந்த நேரத்துக்கு டவுன் பஸ் இருந்தால்தானே! ஆகவே ஒதுக்கீடு வாங்கியவர் வீட்டை உள்வாடகைக்கோ ஒத்திக்கோ விட்டுவிட்டு நகரத்துச் சந்துக்கே திரும்பி வருகிறார். இதை வாரியம் முறைகேடு என்கிறது. முறைகேடுதான். ஆனால் தூரத்தில் கட்டியதன் விளைவு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் நசுங்குகிறவர், அப்படி உள்வாடகைக்கோ ஒத்திக்கோ வந்த மூன்றாம் ஆள். ஒதுக்கீடு ரத்தானால் அவருக்குப் பேச வாய் கிடையாது. விலை மலிவாக இருக்கிறதே என்று வாரிய வீட்டை ஒத்திக்குப் பிடிக்காதீர்கள் என்று எங்களிடம் வருகிற எல்லோரிடமும் சொல்கிறோம், பாதிப் பேர் கேட்பதில்லை. மூன்று லட்சம் கேட்கிற ஊரில் ஒருவர் ஒன்றரை லட்சத்துக்கு வீடு காட்டினால் கேட்கவா தோன்றும்?

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற இரண்டாம் கட்டம் 2024-இல் வந்தபோது, வாங்குவதற்கான வீடுகளோடு வாடகைக்கான வீடுகளும் ஒரு தனிப் பிரிவாகச் சேர்ந்தன. அரசுப் பணத்தில் கட்டிக் காலியாகக் கிடக்கும் வீடுகளை வாடகைக்கு மாற்றும் வழி அதில் இருக்கிறது. வருட வருமானம் மூன்று லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்கள் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு என்ற கணக்கில் வரும். ஆனால் வாரியத்துக்கு மனுப் போடுபவரிடம் கேட்பது பயனாளி பங்குத்தொகை, அதாவது மறுபடியும் மொத்தப் பணம். சொந்த வீடு கேட்டு வருபவர்கள் ஒரு வகை, மாத வாடகையில் அரசாங்க வீடு கேட்பவர்கள் வேறு வகை. இரண்டாம் வகையாருக்கு மனுப் படிவத்தில் கட்டமே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர்களுக்கு, தொழிற்பூங்காக்களை நடத்தும் அரசு நிறுவனமான சிப்காட் தங்குமிடம் கட்டி 2024-இல் திறந்தார்கள். பெரிய காரியம். ஆனால் அது தனி ஆளுக்குப் படுக்கை. மதுரையில் வீடு தேடி வருவது மாமியார், இரண்டு பிள்ளை, ஒரு தையல் மிஷினோடு வருகிற குடும்பம்.

நாங்கள் கேட்பது: காலியாக இருக்கும் வாரிய வீடுகளின் எண்ணிக்கையை இடம் வாரியாக வெளியிடுங்கள். அவற்றில் ஒரு பகுதியையாவது பங்குத்தொகை இல்லாமல், இரண்டு மாத முன்பணத்தில், வாரியமே நேரடியாக வாடகைக்கு விடட்டும். ராஜாக்கூருக்குக் கடைசிப் பஸ்ஸும் முதல் பஸ்ஸும் கடைத்தெருவின் நேரத்தைப் பார்த்து ஓடட்டும். உள்வாடகை பிடிபட்டால், ஒதுக்கீட்டாளரை விசாரிக்கும் முன் மூன்றாம் ஆள் கொடுத்த பணத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டில் நின்றதும் ‘நீங்க எந்தப் பக்கம்?’ என்று ஆரம்பிக்கிற கேள்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரைக் கேட்பதுபோல் இருக்கும், கேட்பது சாதியை. சாதி, மதம், புருஷன் இல்லாத பெண், திருநங்கை, கறிச் சமையல் என்று எதுவும் டு-லெட் போர்டில் எழுதியிருக்காது. ‘இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு’ என்ற பதிலில் எல்லாம் அடங்கிவிடும். ஒரே தெருவில் ஒரே வீடு சிலருக்கு மட்டும் எப்போதும் முடிந்துபோயிருக்கிறது. வாரியமும் மாநகராட்சியும் நேரடியாக வாடகைக்கு விட்டால் அந்தக் கேள்வி கேட்காத வாசல் ஒன்றாவது ஊரில் இருக்கும். நேரடி வாடகையை நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிவுத்துறைக்கும், அதன் வழியாக அரசுக்கும்: ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட குடியிருப்பு ஒத்திக்கு முத்திரைத் தீர்வையை வங்கிக் கடனுக்கு உள்ள அதே அரை சதவீதத்துக்கு இறக்குங்கள். மூன்று லட்சத்துக்கு 1,500 என்றால் பதிவார்கள். இன்று பதியாத ஒத்திகளிலிருந்து அரசுக்கு வருவது பூச்சியம். ஒத்தி வில்லங்கத்தில் ஏறினால் கடன் கொடுக்கும் வங்கிக்கும் வீட்டின் நிலைமை தெரியும், குடியிருப்பவரை உறவுக்காரராக நடிக்கச் சொல்லவும் யாராலும் முடியாது.

வாடகை அதிகாரிக்கு: திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் உங்களுக்கென்று ஒரு மேஜை. இணையதளத்தில் பதிவு செய்யலாம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்காரரின் ஆதாரையும் பான் அட்டையையும் கேட்டு வாங்கும் தைரியம் குடிவருபவருக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதிகாரி பெயரில் ஒரு கடிதம் போனால் வீட்டுக்காரர் தருவார்.

பதிவுக்குத் தக்க ஒத்திப் பத்திர மாதிரி ஒன்றை, பேசுகிற தமிழில், ஒரே தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறோம். தொகை, வங்கிப் பரிவர்த்தனை எண், கெடு, முன்னறிவிப்பு எத்தனை மாதம், கெடு தாண்டினால் வட்டி, வெள்ளையடிப்பு யார் செலவு, மீட்டர் யார் பெயரில் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் இருக்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் திருத்திக் கொடுங்கள். தாளின் பின்பக்கம் இரண்டு கோடு மட்டும் விட்டிருக்கிறோம்: பணம் கைக்கு வந்த தேதி, சாவி கொடுத்த தேதி. முதலாவது நிரம்பாமல் இரண்டாவதை நிரப்பக் கூடாது என்று நடுவில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். வேறு எதைத் திருத்தினாலும் அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மதுரையில் வாடகைக்கும் ஒத்திக்கும் குடியிருப்போரும், அவர்களுக்கு வீடு பார்த்து, பத்திரம் எழுதிக் கொடுப்போரும்